நிழல் மரம் நடும் முன் மேற்குச் சுவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்களில் மரம் நடுவது பற்றிய பக்கங்கள் வருகின்றன. வீட்டுக்கு ஏற்ற நிழல் மரங்கள் என்று பத்துப் பெயர்கள், பக்கத்திலேயே படங்கள். படிக்கிறவர் அதில் கண்ணுக்கு அழகாகத் தெரிகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கேட்டுக்கு அருகே காலியாகக் கிடக்கிற மூலையில் குழி தோண்டிவிடுகிறார். பத்து ஆண்டு கழித்து அதே மரம் மதில்சுவரைத் தள்ளுகிறது, கம்பியில் உரசுகிறது, கோடையில் மொட்டையாக நிற்கிறது என்று வெட்டப்படுகிறது. ‘எந்த மரம்?’ என்ற கேள்வி மூன்றாவதாக வரவேண்டியது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் நிழல் வேண்டும் என்பது முதல் கேள்வி. மரம் முழுதாக வளர்ந்து நிற்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பது இரண்டாவது. இந்த வரிசையை மாற்றுவதால் வரும் தொல்லைகளைப் பற்றித்தான் இக்கடிதம்.

வெப்ப நாடுகளில் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கிறது. அப்போது மரத்தின் நிழல் அதன் காலடியிலேயே விழும். கூரையைக் காக்க வேண்டுமென்றால் கிளை கூரையின் மேலேயே கவிந்திருக்க வேண்டும். அதில் இலைக் குப்பை, மழைநீர்க் குழாய் அடைப்பு, புயலில் கிளை முறிவு எல்லாம் சேர்ந்தே வரும். சுவரின் கதை வேறு. பிற்பகலில் சூரியன் சாயும்போது மேற்குச் சுவரில் வெயில் நேராகப் பாய்கிறது. காலையிலிருந்து காற்றும் தரையும் ஏற்கெனவே சூடேறியிருக்கும் நேரம் அது. அந்தச் சுவர் உள்வாங்கும் சூட்டை இரவு வெகுநேரம் வரை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கிறதென்றால், அது மேற்குச் சுவருக்கு உரியது. கேட்டுக்கு அருகே நட்டால் கார் குளிரும், வீடு குளிராது.

கணக்கு எளிது. பிற்பகல் 3 மணி அளவில் சூரியன் ஏறக்குறைய 45 பாகை உயரத்தில் இருக்கிறது. மரத்தின் உயரம் எவ்வளவோ, நிழலின் நீளமும் அவ்வளவு. 4 மணிக்கு 30 பாகைக்கு இறங்குகிறது; நிழல் உயரத்தைப்போல 1.7 மடங்கு. 5 மணிக்கு 15 பாகை. நிழல் கிட்டத்தட்ட 3.7 மடங்கு. மேற்குச் சுவரிலிருந்து 12 அடி தள்ளி 20 அடி உயர மரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மணிக்குச் சுவரில் 8 அடி உயரம் வரை நிழல் ஏறும். 4 மணிக்கு 13 அடி. அதாவது தரைத்தளச் சுவர் முழுவதும் மறைந்துவிடும். 5 மணிக்கு இலைக்கூட்டத்தின் அடி வழியாகச் சாய்ந்து வரும் வெயில் சுவரின் கீழ்ப்பகுதியில் விழும். 3 அடி உயரத்துக்குக் குறுஞ்செடி வரிசை ஒன்று போட்டால் அதுவும் நின்றுவிடும். வீட்டுக்கு நிழல் தர 50 அடி மரம் தேவையில்லை. சரியான தொலைவில் நிற்கும் 20 அடி மரம் போதும் என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடுகிறது.

இன்னொரு நுணுக்கம். பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ள வெப்ப நாடுகளில் மே, ஜூன் மாதங்களில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை. வடக்கே விலகி, ஜூன் பிற்பகுதியில் ஏறக்குறைய 23 பாகை தள்ளி மறைகிறது. நிழல் தென்கிழக்காகச் சாயும். காக்க வேண்டியது ஒரு குறிப்பிட்ட ஜன்னல் என்றால், மரத்தை அதற்கு நேர் எதிரே நடாமல் வடக்குப் பக்கமாகச் சுமார் 4 அடி தள்ளி நட வேண்டும் (சுவரிலிருந்து 12 அடி தொலைவு என்ற மேற்சொன்ன கணக்குக்கு). மனக்கணக்கு வேண்டாமென்றால் ஒரு மூங்கில் கழி போதும். தரைக்கு மேல் ஆறரை அடி இருக்கும்படி, மரம் நட நினைக்கிற இடத்தில் ஊன்றுங்கள். வெயில் காலத்தில் 3, 4, 5 மணிக்கு அதன் நிழல் நுனியைச் சுண்ணாம்பால் குறியுங்கள். 20 அடி மரத்தின் நிழல், அதே திசையில், அதைப்போல மூன்று மடங்கு நீளும். நிழல் சுவரைத் தொடாமல் அடுத்த வீட்டுக்குப் போகிறதென்றால் இடத்தை மாற்றிக்கொள்ள அப்போதே வாய்ப்பு இருக்கிறது.

கிழக்குப் பக்கம் இரண்டாம் தேர்வு. காலையில் புழங்கும் சமையலறை அங்கே இருந்தால் மட்டும் அது முதலாவதாகும். தெற்குச் சுவரில் டிசம்பர், ஜனவரி வெயில்தான் நன்றாக விழும். நம் தட்பவெப்பத்தில் அதைத் தடுக்க அவசரமில்லை. குளிர் நாடுகளில் வசிக்கும் வாசகர்களுக்கு விதி வேறு. அங்கே குளிர்காலத்தில் இலை உதிர்த்து வெயிலை உள்ளே விடுகிற மரம்தான் வேண்டும். இங்கே அப்படிப்பட்ட மரத்தால் பயன் குறைவு.

அடுத்தது தொலைவு. முழு வளர்ச்சியில் மரக்குடையின் அகலம் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதில் பாதியுடன் 3 அடி கூட்டுங்கள். அடிமரத்துக்கும் சுவருக்கும் நடுவே அவ்வளவு இடமாவது இருக்க வேண்டும். குடை 16 அடி விரியும் சிறு மரத்துக்கு 11, 12 அடி. 30 அடி விரியும் வேம்புக்கு 18 அடி. இந்த இடம் இல்லையென்றால் அந்த மரம் அந்த வீட்டுக்கு இல்லை. ‘அவ்வப்போது வெட்டிவிட்டுக் கொள்ளலாம்’ என்று பெரிய மரத்தைச் சின்ன இடத்தில் நடுவது, ஆயுள் முழுக்க ஆள் தேடி அலையும் வேலை. தலைக்கு மேலே மின்கம்பி ஓடினால் 15 அடிக்கு மேல் போகாத மரம் மட்டும். மொட்டைமாடியில் சூரிய மின்தகடு வைத்திருப்பவர்கள், வைக்கப்போகிறவர்கள், அதன்மேல் நிழல் விழுமா என்று அதே மூங்கில் கழியால் பார்த்துவிடுவது நல்லது. வரிசையாக இணைத்த தகடுகளில் ஒன்றின் மூலையில் நிழல் விழுந்தால்கூட மொத்த வரிசையின் மின்சாரமும் குறையும்.

வேரைப் பற்றி நிலவும் நம்பிக்கைகளில் பாதி சரியில்லை. ‘ஆணிவேர் மரம், நேராகக் கீழே இறங்கிவிடும், சுவருக்கு ஒன்றும் ஆகாது’ என்பது அதில் முதன்மையானது. விதை முளைத்த புதிதில் ஆணிவேர் இறங்குவது உண்மைதான். பையில் வளர்த்த கன்றில் அது பையின் அடியைத் தொட்டு மடங்கிவிடுகிறது. வளர்ந்த மரங்கள் பெரும்பாலானவற்றில் நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணில், ஏறக்குறைய 2 அடி ஆழத்துக்குள்தான் பரவுகின்றன. பக்கவாட்டில் அவை மரக்குடையின் விளிம்பைத் தாண்டி வெகுதூரம் போகும். காரணம் எளிது: காற்று இருக்கிற மண்ணில்தான் வேர் வாழும்.

வேர் குழாயை உடைக்கிறது என்கிறார்கள். நன்றாக இணைத்த குழாயை வேர் தேடிப் போய்த் துளைப்பதில்லை. இணைப்பில் கசிவு இருந்தால் அந்த ஈரத்தில் மெல்லிய வேர் நுழைந்து, உள்ளே பருத்து, அடைத்துவிடும். ஆகவே பழைய மண் குழாய், பழைய கழிவுநீர்த் தொட்டி இருக்கிற பக்கத்தைத் தவிர்க்க வேண்டும். நடைபாதைக் கல், மதில்சுவர் போன்ற கனமில்லாத கட்டுமானங்களை வேர் பருக்கும்போது தூக்கிவிடுவது உண்மை. வீட்டின் அஸ்திவாரத்துக்கு வருகிற உண்மையான ஆபத்து கரிசல் போன்ற களிமண் நிலத்தில்தான். மரம் கோடையில் நீரை உறிஞ்ச, மண் சுருங்கி, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கி, சுவரில் சாய்வாக வெடிப்பு விழும். அத்தகைய மண்ணில், மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தொலைவு விடுவது பாதுகாப்பு.

மேற்கே 6, 7 அடி சந்துதான் இருக்கிறது என்பவர்கள் மரத்தை மறந்துவிடலாம். பந்தல் போட்டு ரங்கூன் மல்லி, சங்குப்பூ போன்ற கொடிகளை ஏற்றினால் ஓரிரு ஆண்டில் சுவர் மறையும். நெட்டிலிங்கத்தை நிழல் மரம் என்று யாரும் சொல்வதில்லை. கம்பம்போல நிற்கும் அந்த ரகத்தின் கீழே உட்கார முடியாது. ஆனால் அதையே மேற்கு எல்லையில் 4 அடிக்கு ஒன்றாக வரிசை நட்டால் மாலை வெயிலுக்குத் திரை ஆகிவிடும்.

இப்போது மரங்களுக்கு வரலாம். இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: உச்ச வெயில் அடிக்கும் மாதங்களில் இந்த மரத்தில் இலை இருக்குமா? பட்டியல்களில் இந்த ஒரு தகவல் வருவதே இல்லை. மயில்கொன்றை என்கிற குல்மோஹர் வறண்ட காலத்தில் இலையை உதிர்த்து, பிறகு பூத்துத் தளிர்க்கிறது. நிழல் மிகவும் தேவைப்படும் வாரங்களில் பல இடங்களில் அது வெறும் குச்சியும் பூவுமாக நிற்கும். மரம் முறியும் தன்மையுள்ளது, வேர் மேலோட்டமாகப் பருத்துத் தரையைப் பெயர்க்கும். மடகாஸ்கரிலிருந்து வந்த இந்த மரத்தை அழகுக்காகப் பூங்காவில் வைக்கலாம். வீட்டுச் சுவரருகே வேண்டாம். சரக்கொன்றையும் கோடையில் இலையைக் கொட்டிவிட்டுத்தான் மஞ்சளாகச் சொரிகிறது. பூவுக்காக நடுங்கள், நிழலுக்காக அல்ல.

வேம்பு பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்த்து, வெயில் ஏறுவதற்குள் புதுத் தளிரோடு தயாராகிவிடுகிறது. வறட்சியைத் தாங்கும். நீர் தேங்கினால் தாங்காது. தாழ்வான முற்றத்தில் வேம்பு சாவதற்கு இதுவே காரணம். 40, 50 அடி வளரும், குடை 30 அடிக்குக் குறையாமல் விரியும். ஆகவே பெரிய மனைக்கு மட்டும். சில ஆண்டுகளாக மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் வேம்பின் நுனிக்கிளைகள் கருகுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தேயிலைக் கொசு என்னும் பூச்சி சாற்றை உறிஞ்சுவதும், பூஞ்சையும் சேர்ந்து ஏற்படுத்தும் பாதிப்பு அது. மரம் பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும். பதறி வெட்டிவிட வேண்டாம்; காய்ந்த நுனிகளை மட்டும் கழித்து எரித்தால் போதும்.

நடுத்தர முற்றத்துக்கு ஒரு மரம் சொல்லச் சொன்னால் புங்கைதான். கோடையின் தொடக்கத்தில் குறுகிய காலம் இலை உதிர்த்தவுடனே பளபளக்கும் தளிரைப் போட்டுவிடும். ஏப்ரல் வெயிலில் அதன் நிழலுக்கு அடர்த்தி கூடியிருக்கும். வறட்சி, சிலநாள் நீர்த்தேக்கம், ஓரளவு உப்பு மண் மூன்றையும் தாங்குகிற மரங்கள் குறைவு. புங்கை அதில் ஒன்று. அவரைக் குடும்பம் என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சில் சேர்த்துக்கொள்ளும், உரம் அதிகம் கேட்காது. குறைகளையும் சொல்ல வேண்டும். இலையில் முடிச்சு முடிச்சாக வருவது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் வேலை. பார்க்க அசிங்கமே தவிர மரத்துக்குக் கேடில்லை, மருந்தடிக்கத் தேவையில்லை. பூ உதிரும் நாட்களில் தினம் பெருக்க வேண்டியிருக்கும். வேரைக் கொத்திக் காயப்படுத்தினால் பக்கக் கன்றுகள் முளைக்கும். விதை உண்ணத்தக்கதல்ல, சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் காய் விழும் காலத்தில் கவனம் தேவை.

பொறுமை உள்ளவர்களுக்கு மகிழம். ஆண்டு முழுவதும் இலை இருக்கும், உருண்டையான அடர்ந்த குடை, கிளை எளிதில் முறியாது. வளர்ச்சிதான் மெதுவு, உட்காரும்படியான நிழலுக்கு எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகலாம். கடலோர உப்புக் காற்றில் புன்னையும் பூவரசும் நிற்கும். பூவரசைப் போத்து (கிளைத்துண்டு) வெட்டி நடுவது சுலபமான வழி, சீக்கிரமும் வளரும். ஆனால் தடித்த போத்தின் வெட்டுவாய் வழியாக நீர் இறங்கி நடுமரம் உளுத்துப்போக வாய்ப்புண்டு. விதைக்கன்று கிடைத்தால் அதுவே மேல்.

வாதாம் மரம் என்று சொல்லப்படும் நாட்டு வாதுமை அடுக்கடுக்காகக் கிளை விரித்து வேகமாக நிழல் தரும். ஆண்டில் இரண்டு முறைகூட இலை சிவந்து கொட்டும். பெரிய இலை என்பதால் பெருக்குவது எளிது. மாடியின் மழைநீர்க் குழாய் வாயை ஒரே இலை அடைத்துவிடும் என்பதும் உண்மை. மாமரம் நல்ல நிழல்தான், ஒட்டுக்கன்றாக இருந்தால் தாழ்வாகக் கிளைக்கும், சிறு இடத்துக்கும் அடங்கும். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி சுரக்கும் பிசுபிசுப்பும் அதன்மேல் படரும் கரும்பூசணமும் கீழே நிற்கும் வண்டியில் படியும். நாவலை வண்டி நிறுத்தும் இடத்திலும், வெளிர்நிறத் தளம் போட்ட இடத்திலும் நட வேண்டாம், கறை போகாது.

வீட்டுக்கு ஆகாதவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தூங்குமூஞ்சி மரத்தின் குடை 80 அடிக்கும் மேல் விரியக்கூடியது. சாலைக்கும் மைதானத்துக்கும் உரியது. இயல்வாகையின் கிளை காற்றில் முறியும். ஏழிலைப்பாலை பூக்கும்போது இரவில் வரும் நெடி சிலருக்குத் தலைவலி. ஆல், அரசு பற்றி யாருக்கும் எச்சரிக்கை தேவையில்லை. ஆனால் ‘பைகஸ்’ என்ற பெயரில் தொட்டிச் செடியாக விற்கப்படுபவையும் ஆலின் இனம்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தொட்டியிலிருந்து தரைக்கு மாற்றியதும் அவற்றின் வேர் தன் குணத்தைக் காட்டும். கோனோகார்ப்பஸ் எந்த மண்ணிலும் வேகமாக வளர்ந்து பச்சைச் சுவர்போல நிற்பதால் அண்மைக்காலத்தில் எங்கும் நடப்பட்டது. வேர் நிலத்தடிக் குழாய்களைச் சேதப்படுத்துவதாலும் மகரந்தம் ஒவ்வாமை தருவதாலும் குஜராத் அரசு 2023-இல் இதை நடுவதற்குத் தடை விதித்தது.

‘சீக்கிரம் வளர்வது எது?’ என்று கேட்பவர்களே அதிகம். வேகமாக வளர்கிற மரத்தின் கட்டை பொதுவாக மென்மையானது. எளிதில் முறியும், ஆயுளும் குறைவு. இந்த விதியை எதிரியாகப் பார்க்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம். நிரந்தர மரத்தை அதற்குரிய இடத்தில் நட்டுவிட்டு, 8, 10 அடி தள்ளித் தற்காலிக மரம் ஒன்றை வையுங்கள். தேன்பழம், ஜாம் பழம், சிங்கப்பூர் செர்ரி என்று பல பெயரில் வழங்கும் மரம் இரண்டே ஆண்டில் குடைபோல விரியும். அகத்தியும் முருங்கையும்கூட உதவும், நிழல் மெல்லியது என்றாலும். ஐந்தாறு ஆண்டில் புங்கையோ மகிழமோ தலைதூக்கியதும் தற்காலிக மரத்தை எடுத்துவிட வேண்டும். எடுக்கத் தயங்கினால் இரண்டும் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு, நிரந்தர மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. சின்னப் பையில் 8 அடி உயரத்துக்கு நிற்கிற கன்று, அந்தப் பையிலேயே நெடுநாள் இருந்திருக்கிறது. வேர் உள்ளே சுருண்டு சுற்றியிருக்கும். 3 முதல் 4 அடி உயரம், அடித்தண்டு தடிமனாக, முட்டுக்குச்சியை அவிழ்த்தாலும் தானாக நிற்கிற கன்றுதான் நல்லது. இரண்டும் ஒரே நாளில் நட்டால் மூன்று நான்கு ஆண்டில் சின்னது பெரியதைத் தாண்டிவிடுவது சாதாரணமாக நடக்கும். பையைக் கிழித்ததும் வேர்கள் வட்டமாகச் சுற்றியிருந்தால், மண்ணுருண்டையின் பக்கங்களில் மேலிருந்து கீழாக நான்கு இடத்தில் ஒரு அங்குல ஆழத்துக்குக் கத்தியால் கீறி, அடியில் சுருண்ட பகுதியை வெட்டி எறியுங்கள். அப்படியே நட்டால் சுற்றிய வேர் பருக்கும்போது அடிமரத்தையே நெரிக்கும். பத்து ஆண்டுக்குப் பிறகு நன்றாக இருந்த மரம் காரணமில்லாமல் காற்றில் சாய்ந்தது என்பார்கள்.

புதிதாகக் கட்டிய வீட்டு முற்றத்தில் மேலே ஒரு சாண் செம்மண்ணும் அதன் கீழே செங்கல் துண்டு, சிமெண்ட் கலவை, ஜல்லியும் இருப்பது வழக்கம். கலவையின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்க, வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் போகிறது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். எவ்வளவு உரம் போட்டாலும் சரியாகாது. இடிபாட்டைத் தோண்டி வெளியே போட்டு நல்ல மண் நிரப்புவதே வழி.

குழி 3 அடி அகலம், 2 அடி ஆழம். அகலம்தான் முக்கியம், வேர் பக்கவாட்டில் போகும் என்று மேலே சொன்ன அதே காரணத்தால். தோண்டியதும் நீர் நிரப்பி வடியவிட்டு மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். மறுநாளும் நீர் நின்றால் குழியை மூடிவிட்டு, ஒன்றரை அடி உயரத்தில் அகலமான மேடு கட்டி அதில் நடுங்கள். இல்லையேல் நீர்த்தேக்கம் தாங்கும் புங்கைக்கு மாறுங்கள். நிரப்ப, தோண்டிய மண் 3 பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் 1 பங்கு, கறையான் தொல்லை உள்ள இடத்தில் 250 கிராம் வேப்பம்புண்ணாக்கு. குழி முழுக்க உரத்தையே கொட்டினால் வேருக்கு அந்தக் குழியே தொட்டி ஆகிவிடும். வெளியே கடினமண்ணுக்குள் போகாமல் உள்ளேயே சுற்றும். மக்காத சாணம் சூட்டில் வேரைக் கருக்கும்.

கன்றுகள் சாவதற்கு ஒரு முக்கியக் காரணம் ஆழமாக நடுவது. தண்டு வேராக மாறும் கழுத்துப் பகுதி தரைமட்டத்தில், அல்லது ஓர் அங்குலம் மேலே இருக்க வேண்டும். புதைந்தால் பட்டை எப்போதும் ஈரத்தில் ஊறி அழுகும். குழியின் அடியில் போட்ட மண் பிறகு இறங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அடி மண்ணை மிதித்து, நீர் விட்டு, ஒருநாள் அமரவிட்ட பிறகு கன்றை வைப்பது அதனால்தான். முட்டுக்கழி தேவைப்பட்டால் இரு பக்கமும் ஒவ்வொன்று, தண்டைத் தளர்வாகத் துணிப்பட்டையால் கட்டி, ஓராண்டில் அவிழ்த்துவிட வேண்டும். காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும். பிளாஸ்டிக் கயிற்றை மறந்துபோய் விட்டு, அது பட்டைக்குள் புதைந்து செத்த மரங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் நட்டால் அடுத்த கோடைக்குள் வேர் பிடித்துவிடும். மழை இல்லாத நாட்களில் முதல் மாதம் இரண்டு நாளுக்கு ஒருமுறை 10 முதல் 15 லிட்டர். முதல் கோடையில் வாரம் இருமுறை 20 லிட்டர். இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை 40 லிட்டர், பாத்தியை அகலமாக்கி. தினமும் ஒரு குடம் தெளிப்பது நல்ல எண்ணம், கெட்ட பழக்கம். மேல்மண் மட்டும் நனைவதால் வேர் மேலேயே தங்கி, பிறகு நடைபாதையைத் தூக்கும். அடிமரத்தை ஒட்டி நீர் நிற்காமல், பாத்தியின் வெளிவட்டத்தில் விட வேண்டும். உதிர்ந்த இலையை எரிக்காமல் 3 அங்குல மூடாக்காகப் பரப்புங்கள், தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் விட்டு.

தளம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிமரம் வரை சிமெண்ட் பூசிவிட்டு ஒரு சாண் வட்டம் விடுவது மரத்தைத் தாகத்தில் வைப்பதற்குச் சமம். சிறு மரத்துக்குக் குறைந்தது 5 அடிக்கு 5 அடி, நடுத்தர மரத்துக்கு 8 அடிக்கு 8 அடி திறந்த மண் வேண்டும். அதற்கு மேல் தளம் கட்டாயம் என்றால் மணலில் பதிக்கும் இன்டர்லாக் கல் பரவாயில்லை; இடுக்கில் நீர் இறங்கும், வேர் தூக்கினாலும் எடுத்துத் திரும்பப் பதிக்கலாம்.

கத்தரிப்பு வேலை முதல் ஐந்து ஆண்டிலேயே முடிந்துவிட வேண்டும். நடுத்தண்டு ஒன்றே இருக்கட்டும்; குறுகிய ‘வி’ வடிவில் இரண்டு தண்டு சமமாகப் பிரிந்தால், இடுக்கில் பட்டை சிக்கி, பின்னாளில் புயலில் அந்த இடத்தில்தான் பிளக்கும். ஒன்றை இளசிலேயே நீக்கிவிடுங்கள். கீழ்க்கிளைகளை ஒரே வீச்சில் கழிக்காமல் ஆண்டுக்கு ஒன்றிரண்டாக நீக்கி, 7 அடி உயரம் வரை தெளிவாக்கினால் போதும். எந்தக் கட்டத்திலும் மரத்தின் உயரத்தில் மேல் மூன்றில் இரண்டு பங்கு இலையோடு இருக்க வேண்டும். கனமான கிளையை மூன்று வெட்டில் இறக்க வேண்டும்: அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்புறம் கால்வாசி ஆழத்துக்கு ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது, கிளை அங்கே முறிந்து விழும், மீந்த குட்டைத் துண்டைக் கிளையடியின் புடைப்புக்கு வெளியே ஒட்டி மூன்றாவது. ஒரே வெட்டில் இறக்கினால் கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். காயத்தில் சாணியோ பெயிண்டோ பூச வேண்டாம். புடைப்பைச் சேதப்படுத்தாமல் விட்டால் மரமே மூடிக்கொள்ளும்.

புயலுக்குப் பயந்து மரத்தின் தலையையே மொட்டையடிப்பதும் வழக்கமாகிவிட்டது. வெட்டிய முனையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் உள்ளிருந்து வளர்வதில்லை, பட்டைக்கு அடியிலிருந்து கிளம்புகின்றன. பிடிப்பில்லாமல் வேகமாக நீண்டு, மூன்றாம் நான்காம் ஆண்டுப் புயலில் முதலில் முறிவது அவைதான். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, கூரைமேல் நீண்ட கிளை ஆகியவற்றை மட்டும் மழைக்கு முன் எடுத்து, குடையில் காற்று புகுந்து போக வழி செய்தால் போதும். ஒரு பருவத்தில் பச்சையில் கால்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

மரக்கன்று பற்றிய கட்டுரைகளை வெளியிடும்போது, பெயருக்கும் படத்துக்கும் அருகே முழு உயரம், குடையின் அகலம், இலை உதிரும் மாதம், நீர்த்தேக்கம் தாங்குமா என்ற நான்கு தகவல்களையும் தங்கள் நாளிதழ் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கன்றுகளை இலவசமாக வழங்கும் அமைப்புகளும் இதையே பையில் ஒரு சீட்டாகக் கட்டித் தரலாம்.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்டப் பணியில் உள்ள வாசகர்கள்